"உண்மைச் சம்பவம்"னு போட்டிருக்காங்க, டிக்கெட் எடுக்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் படத்துக்கு டிக்கெட் எடுப்பது என் வேலை. நாங்கள் மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில், சித்தி கிள்ளானில், அண்ணன் குடும்பம் ரவாங்கில், எல்லாரும் ஒரே வாட்சப் குழுவில் இருக்கிறோம். புதுப்படம் வருகிறது என்று தெரிந்த அன்றைக்கே "எடுக்கவா, வேணாமா" என்று ஆரம்பித்துவிடும். சாதாரணப் படம் என்றால் நடிகரைப் பார்த்து முடிவு பண்ணிவிடுவார்கள். உண்மைச் சம்பவம் என்று போஸ்டரில் போட்டுவிட்டால்தான் கேள்விக்கு மேல் கேள்வி, அலுவலகத்தில் கேட்கிறார்கள், கோயிலில் பார்த்தாலும் கேட்கிறார்கள். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி வந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"உண்மைச் சம்பவத்தைத் தழுவியது"னு போட்டிருந்தா எல்லாமே உண்மைதானே அக்கா?

இல்லை. இவ்வளவு உண்மை இருந்தால்தான் அந்த வரியைப் போடலாம் என்று ஓர் அளவே கிடையாது. 1996இல் வந்த 'ஃபார்கோ' என்ற அமெரிக்கப் படம், இது உண்மைக் கதை, 1987இல் மின்னசோட்டாவில் நடந்தது, உயிரோடு இருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மாற்றியிருக்கிறோம் என்று எழுத்துப் போட்டுத்தான் ஆரம்பிக்கும். கதையோ எடுத்தவர்களே கட்டியது. அந்த வரியைப் பார்த்தால் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், அதற்காகத்தான் போட்டார்கள்.

வார்த்தையைக் கவனியுங்கள். "உண்மைக் கதை" என்றால் ஆள், ஊர், நடந்தது எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்க வேண்டும். "தழுவியது" என்றால் எலும்பு உண்மை, சதை கற்பனை. "பாதிப்பில் உருவானது" என்றால் ஒரு பொறி மட்டும் எடுத்திருக்கிறார்கள். 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையின் பாதிப்பில் வந்தது, ஆனால் படத்தில் நாயகன் பெயர் கிட்டான். கணேசனின் வாழ்க்கை வரலாறு என்று நினைத்துப் போனால் குழப்பம்தான். ஒருவருடைய மண்ணையும் வலியையும் எடுத்துக்கொண்டு எழுதிய கதை என்று போனால் படம் திறந்துகொள்ளும்.

ஆரம்பத்துல "எல்லாம் கற்பனையே"னு போடுறாங்க, உடனே "உண்மைச் சம்பவம்"ங்கிறாங்க. எதை நம்புறது?

"கற்பனையே" என்பது வக்கீல் எழுதிய வரி, "உண்மைச் சம்பவம்" என்பது விளம்பரக்காரர் எழுதிய வரி. முதல் வரி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1932இல் ரஷ்ய அரண்மனையில் செல்வாக்காக இருந்த சாமியார் ரஸ்புதினைப் பற்றி எம்ஜிஎம் நிறுவனம் ஒரு படம் எடுத்தது. ரஸ்புதினைக் கொன்றவர்களில் ஒருவரான இளவரசர் யூசுப்போவின் மனைவி இரினா, படத்தில் வருகிற பெண் தன்னைத்தான் குறிக்கிறது, தனக்கு நடக்காத கேவலத்தை நடந்ததாகக் காட்டிவிட்டார்கள் என்று லண்டனில் வழக்குப் போட்டு ஜெயித்தார். அதற்கப்புறம்தான் இந்த "யாரையும் குறிப்பிடுவன அல்ல" வரி படத்துக்குப் படம் ஒட்டிக்கொண்டது.

அதனால் இரண்டு வரியையும் தாண்டிப் போய்விடுங்கள். நான் பார்ப்பது வேறு.

சரி, நீங்க எதைப் பார்த்துத்தான் முடிவு பண்றீங்க?

இரண்டு பேர் போனால் டிக்கெட், பாப்கார்ன், கார் பார்க் எல்லாம் சேர்த்து 50 வெள்ளி (ரிங்கிட்) கிட்ட வந்துவிடுகிறது, குடும்பத்தோடு போனால் இரட்டிப்பு. அதனால் எடுக்கும் முன்னால் பத்து நிமிஷம் செலவு பண்ணுவேன். இது யாருக்கு நடந்தது, யார் வாயால் நமக்கு வந்தது என்று தேடிப் படிப்பேன். நடந்தது ஒருவருக்கு, சொல்வது இன்னொருவர் என்றால் கொஞ்சம் உஷாராகிவிடுவேன்.

அப்புறம் என் பாட்டி கேட்கும் கேள்வி. எந்தக் கல்யாண போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பாட்டி முகங்களை ரசிக்கும் முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "யாரைக் காணோம்?" என்றுதான் கேட்பார். யார் நிற்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும், வராதவர்தான் விஷயம். படத்துக்கும் அதையே கேட்கிறேன். இந்தக் கதையில் யாருக்கு அதிகமாக வலித்ததோ அவர் படத்தில் இருக்கிறாரா? அவருக்கு வாய் இருக்கிறதா, இல்லை நாயகன் கோபப்படுவதற்கு ஒரு பிணமாக மட்டும் கிடக்கிறாரா? அவர் இருந்தால், சின்னச் சின்னப் பிழைகளை மன்னித்துப் போய்ப் பார்ப்பேன். அவரையே காணோம் என்றால் எத்தனை கோடி போட்டு செட் போட்டிருந்தாலும் எனக்கு அவசரமில்லை.

டிரெய்லரைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவுதான். டிரெய்லரில் சண்டையும் கைதட்டல் வசனமும்தான் வரும். நான் அதில் பார்ப்பது ஒன்றே ஒன்று, நாயகன் இல்லாத காட்சி ஒன்றாவது இருக்கிறதா என்று. கடைசியில் சின்ன எழுத்தில் எந்தப் புத்தகம், யாருடைய உரிமை என்று போட்டிருந்தால் அதையும் நிறுத்திப் படித்துவிடுங்கள்.

முடிவுதான் எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் எதுக்குக் காசு கொடுத்துப் பார்க்கணும்?

இதை என் தங்கை 'அமரன்' வந்தபோது கேட்டாள். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் இறந்தார், இறந்தபின் அசோகச் சக்கரா கொடுத்தார்கள், இது செய்தியிலேயே வந்தது. அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் படம் மனைவி இந்துவின் பக்கமிருந்து சொல்லப்படுகிறது. அதனால் கேள்வி "சாவாரா மாட்டாரா" என்பது இல்லை, "தெரிந்தே இந்தப் பெண் எப்படி ஒவ்வொரு தடவையும் வழியனுப்பி வைத்தார்" என்பதாகிவிடுகிறது. என் தங்கை இடைவேளையில் எழுந்து வரவே இல்லை.

'மஞ்சும்மல் பாய்ஸ்' நேர் எதிர். 2006இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த பையனை நண்பனே இறங்கித் தூக்கி வந்தான் என்று தெரிந்தேதான் போகிறோம், இருந்தாலும் கயிறு ஆடும்போது நம் கையும் நாற்காலியைப் பிடிக்கிறது. முடிவைத் தவிர வேறெதுவும் இல்லாத படம்தான் முடிவு தெரிந்தால் செத்துப்போகும். ஒரு படம் நன்றாக எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பேரையெல்லாம் மாத்திட்டா அது எப்படி உண்மைக் கதை?

இதில் எனக்கும் என் அப்பாவுக்கும் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. 2016இல் 'ஓலா போலா' வந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் மலேசியக் காற்பந்துக் குழுவைப் பார்த்து எடுத்த படம். தென்கொரியாவை மெர்டேக்கா அரங்கில் தோற்கடித்துத் தகுதி பெற்றார்கள். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் கடைசியில் போகவே முடியவில்லை. அப்பா அந்த ஆட்டத்தைத் தோட்டத்தில் வானொலியில் கேட்டவர். படத்தில் இந்தியக் கோல்காவலர் முதல் தடவை வந்ததும் என் முழங்கையைப் பிடித்து "ஆறுமுகம்!" என்றார். திரையில் அவரை "முத்து" என்று கூப்பிட்டார்கள். அப்பாவின் கை மெதுவாக விலகியது, அது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கார் பார்க் வரைக்கும் பேசவில்லை. அப்புறம், "ஆறுமுகம் 1988லேயே கார் விபத்துல போயிட்டான், அவன் பேரைச் சொல்ல இந்தப் படத்தை விட்டா வேற எது இருக்கு?" என்றார். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட ஆர். ஆறுமுகத்தைத்தான் சொன்னார். பெயரை மாற்றினால் கதையை வளைக்கச் சுதந்திரம் கிடைக்கும், நடக்காத குடும்பச் சண்டையை ஒருவர் தலையில் கட்டவேண்டியதில்லை, அது நேர்மையான வழிதான் என்று நான் வாதாடினேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், படத்தையும் எல்லாரையும் பார்க்கச் சொல்வேன். ஆனால் அப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இப்போது பெயர் மாற்றிய படத்துக்குப் போகும் முன்னால் உண்மையான பெயர்களைக் குழுவில் போட்டுவிடுவேன். சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி, ஆறுமுகம். தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

பேரை மாத்தலாம்னா, ஊரையும் சாதியையும் மாத்தலாமா?

இங்கேதான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். 'சூரரைப் போற்று' ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் புத்தகத்தை வைத்து எடுத்தது. அவர் கர்நாடகாக்காரர், படத்தில் நெடுமாறன் மதுரைப் பக்கத்து ஆள். நிறையக் கற்பனை சேர்த்திருக்கிறார்கள், ஆனாலும் என் புத்தகத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று கோபிநாத்தே சொன்னார். அவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அவர் பெயர் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும், கேட்டால் பதில் சொல்ல அவருக்கு மேடையும் இருக்கிறது. (ஒரு ரிங்கிட்டுக்குக் கைமாறிய ஏர் ஏசியாவைப் பார்த்த நமக்கு அந்தப் படம் இன்னும் நெருக்கமாகவே இருந்தது.)

'ஜெய் பீம்' வேறு மாதிரி. 1993இல் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் இருளராகக் காட்டினார்கள். வழக்கை நடத்திய சந்துரு அதே பெயரில் வருகிறார், ஆனால் நீதிக்காக அலைந்த மனைவி பார்வதி, செங்கேணி ஆகிவிட்டார். படம் எனக்கு மிகவும் பிடிக்கும், இரண்டு தடவை பார்த்தேன், இருளர்கள் மேல் பொய் வழக்குப் போடும் கொடுமை நிஜம் என்பதும் தெரியும். ஆனால் அடிபட்ட ஜனங்கள் இது எங்கள் கதை என்று திரையைக் காட்டிச் சொல்ல முடியாமல் போனது என் மனசில் இன்னும் உறுத்துகிறது. யாரைக் காணோம் என்று பாட்டி கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? ஆகவே பார்க்கலாம், கட்டாயம் பார்க்கலாம், பார்த்துவிட்டுப் பார்வதி அம்மாளைப் பற்றியும் படியுங்கள்.

குடும்பமே சம்மதிச்ச படம்னா நம்பலாம்தானே?

சம்மதம் இருந்தால் நல்லது. வீட்டுக்குள் நடந்தது, கடிதம், போனில் பேசியது எல்லாம் குடும்பம் சொன்னால்தான் கிடைக்கும். 'அமரன்' அவ்வளவு உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் சம்மதம் கொடுக்கிறவர்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்வார்கள், சிலவற்றை விட்டுவிடச் சொல்வார்கள், எந்தக் குடும்பமும் அப்படித்தான் செய்யும். நம் வீட்டுத் தாத்தாவைப் பற்றி எடுத்தால் நாம் எதைச் சொல்வோம் எதை மறைப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பந்தப்பட்டவரே கதை சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். மாதவனின் 'ராக்கெட்ரி' இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் வாயாலேயே சொல்லப்படுகிற கதை. 1994இல் அவரை உளவாளி என்று கைது செய்தது அநியாயம், 1996இலேயே சிபிஐ குற்றச்சாட்டு பொய் என்றது, 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதில் சந்தேகமே இல்லை, அந்தப் பகுதியைப் பார்த்து நான் அழுதேன். ஆனால் ராக்கெட் வேலையில் அவருடைய பங்கைப் படம் பெரிதாக்கிவிட்டது என்று 2022இல் முன்னாள் இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் வெளிப்படையாக ஆட்சேபித்தார்கள். ஒருவர் பட்ட அநியாயம் உண்மையாக இருக்கும், அவர் சொல்லும் சாதனையில் மற்றவர்கள் காணாமல் போயும் இருப்பார்கள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

புத்தகத்துல இருந்து எடுத்தா உண்மையா இருக்கும்ல?

புத்தகம் எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது. வெற்றிமாறனின் 'விசாரணை' மு. சந்திரகுமார் தான் குண்டூர் போலீசிடம் பட்ட அடியை எழுதிய 'லாக்கப்' நாவலில் இருந்து வந்தது. முதல் பாதி அவர் உடம்பு பட்டது, பார்க்கும்போதே தெரியும். இரண்டாம் பாதி அந்தப் புத்தகத்தில் இல்லாதது.

இன்னொரு பக்கம், பினாங்கில் ஒரு கல்லறை இருக்கிறது. போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் பழைய புரோட்டஸ்டன்ட் இடுகாடு, பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட்டைப் புதைத்த அதே இடம், கெம்போஜா மரங்களுக்கு நடுவே கறுத்துப்போன கற்கள், காலடியில் முழுக்க வெள்ளைப் பூக்கள். அங்கே தாமஸ் லியோனோவன்ஸ் என்பவருடைய கல் இருக்கிறது. 1859இல் இறந்தவர், பினாங்கில் ஓட்டல் நடத்தியவர். இவருடைய மனைவிதான் அன்னா, சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட்டின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய், அதை 1870இல் புத்தகமாக எழுதியவர். அதிலிருந்து நாவல் வந்து, அதிலிருந்து படங்கள் வந்தன. 1999இல் வந்த 'அன்னா அண்ட் த கிங்' படத்துக்குத் தாய்லாந்தில் அனுமதி கிடைக்காமல் நம் நாட்டில், ஈப்போவிலும் பினாங்கிலும்கூட எடுத்தார்கள். படம் வந்ததும் தாய்லாந்து அதைத் தடை செய்தது.

அன்னா தன் கணவர் ராணுவ அதிகாரி, புலி வேட்டைக்குப் போய் வெயில் தாக்கி இறந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தான் வேல்ஸில் பிறந்ததாகவும் சொன்னார், உண்மையில் பிறந்தது இந்தியாவில், அகமதுநகரில். அந்தக் காலத்தில் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டிய பெண், பிறப்பைச் சொன்னால் மதிக்கமாட்டார்கள் என்று மறைத்திருப்பார், எனக்கு அவர் மேல் கோபமில்லை. ஆனால் அவர் தன்னைப் பற்றியே மாற்றி எழுதியதை நம்பி, ஒரு மன்னரை இப்படித்தான் இருந்தார் என்று உலகத்துக்கே காட்டிவிட்டார்கள். அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது என் மகள் "அம்மா, அப்ப புலி?" என்று கேட்டாள். புலி இல்லை என்றேன். "இவர் ஓட்டல் வெச்சிருந்தது நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்தினாங்க?" என்றாள்.

'பொன்னியின் செல்வன்' உண்மைக் கதையா? பையன் பள்ளிக்கூடத்துல சண்டை போட்டுட்டு வந்திருக்கான்!

கல்கியின் நாவல் அது, 1950இலிருந்து தொடராக வந்தது. ராஜராஜன், குந்தவை, வந்தியத்தேவன் எல்லாம் இருந்தவர்கள். ஆதித்த கரிகாலன் கொலை நடந்ததுதான், கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன, ரவிதாசனும் அதில் வருகிறான். நந்தினி கல்கியின் கற்பனை. பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆள்கள் நிஜம், நடந்ததில் கொஞ்சம் நிஜம், பேசியது எல்லாம் கல்கி எழுதியது. அப்புறம் ராஜேந்திரனின் படை கடாரம் வரை வந்தது என்று சொல்லி, முடிந்தால் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

'மாட் கிலாவ்' 97 மில்லியன் வசூலாச்சாமே, அவ்வளவு ஓடினா நல்ல படமாத்தானே இருக்கணும்?

நிறையப் பேர் பார்க்க ஆசைப்பட்ட படம் என்பது தெரிகிறது, அவ்வளவுதான். அதில் பஹாங்கில் பிரிட்டிஷாரை எதிர்த்தவர்களின் வீரத்தைச் சொல்ல எதிர்த்தரப்பில் நிற்கிற மற்ற இனத்தவரைக் காட்டிய விதம் பலருக்கு வருத்தமாக இருந்தது, எனக்கும் இருந்தது. நமக்குப் பெருமை தரும் படமானாலும் பிறருக்குப் பெருமை தரும் படமானாலும் இதைக் கேட்டே ஆகவேண்டும்: எதிரில் நிற்பவனும் மனுஷனாக இருக்கிறானா?

ஆனால் அந்தப் படத்தால் எனக்கு ஒரு நல்லது நடந்தது. உண்மையான மாட் கிலாவைத் தேடிப் படித்தேன். இறந்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்திருக்க, 1969இல் ஒரு முதியவர் தாம்தான் அவர் என்று ஊராரிடம் சொல்கிறார். 1970இல் அரசாங்கம் விசாரித்து ஆமாம் என்கிறது, சில நாளில் இறந்துபோகிறார். இத்தனை வருஷம் வேறு பெயரில், வாயைத் திறக்காமல் வாழ்ந்த அந்தக் கிழவரைப் பற்றி யாராவது ஒரு படம் எடுத்தால் நான் வரிசையில் முதலில் நிற்பேன்.

"இத்தனை ஆயிரம் பேருக்கு நடந்தது"னு போடுறாங்களே, அதைப் பொய்யா போட முடியுமா?

போட்டிருக்கிறார்கள். 2023இல் வந்த 'த கேரளா ஸ்டோரி' டீசரில், கேரளாவில் மதம் மாற்றப்பட்டு ஐஎஸ் தீவிரவாத அமைப்பில் சேர்ந்தவர்கள் 32,000 பெண்கள் என்றார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனதும் யூடியூப் குறிப்பில் அது 3 பெண்கள் என்று ஆனது. 32,000 என்பதற்கு ஆதாரபூர்வமான தகவல் இல்லை என்று படத்தில் குறிப்புப் போடுவதாகத் தயாரிப்பாளர் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

மூன்று பெண்களுக்கு நடந்தாலும் அது சொல்லத் தகுந்த கதைதான். அதை மூன்று பேரின் கதையாகச் சொல்லியிருந்தால் அந்த மூன்று பேர் யார், என்ன பட்டார்கள் என்று நாம் பார்த்திருப்போம். எண்ணிக்கையைப் பெருக்கினால் பட்டவர்கள் மறைந்துபோகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மேல் பயம் மட்டும்தான் மிஞ்சும். பல இனம் சேர்ந்து ஒரே அடுக்குமாடியில் வாழ்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. போஸ்டரில் எண் இருந்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் நான் டிக்கெட் எடுப்பதில்லை.

திருடனைப் பத்தின உண்மைக் கதைக்குக் காசு கொடுக்கறது தப்பில்லையா?

தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் ஏமாந்தவர்கள் படத்தில் எங்கே என்று தேடுவேன். 'த வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' பங்குச்சந்தை மோசடிக்காரர் ஜோர்டன் பெல்ஃபோர்ட் தானே எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. மூன்று மணி நேரம் ஓடும், பணத்தைப் பறிகொடுத்தவர் முகம் ஒன்றுகூட மனசில் நிற்காது. அதே படம் நம் அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியிலிருந்து சுருட்டிய பணத்தில் எடுக்கப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. தயாரித்த ரெட் கிரானிட் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2018இல் 6 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இதைக் கேள்விப்பட்டதிலிருந்து, யார் காசில் எடுத்தார்கள் என்பதையும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தன்னைப் பற்றித் தானே காசு போட்டு எடுக்கிறாரா, தேர்தல் வருகிற நேரத்தில் வெளியிடுகிறார்களா, இதெல்லாம் கொஞ்சம் தேடினால் தெரிந்துவிடும்.

இங்க எப்படியும் வெட்டித்தானே போடுவாங்க, ஓடிடில வந்தப்புறம் பார்த்துக்கலாமே?

வெட்டுவது உண்மைதான், சில சமயம் சேர்க்கவும் செய்வார்கள். 'கபாலி' உண்மைக் கதை இல்லை என்றாலும் நம்மில் பலருக்கு அப்படித்தான் பட்டது, அதன் முடிவில் மலேசியாவில் மட்டும் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். ஆக, இங்கே பார்த்த படத்தைச் சென்னையில் பார்த்தவரோடு பேசும்போது இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பேசுகிறோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதைப் பொறுத்தவரை, சத்தமும் இருட்டும் தேவைப்படுகிற படத்தை அரங்கில் பாருங்கள், 'மஞ்சும்மல் பாய்ஸ்' மாதிரி. பேச்சும் வழக்குமாகப் போகிற படம் வீட்டில் பார்த்தாலும் குறையாது. சந்தேகமாக இருந்தால் இரண்டாவது வாரத்துக்கு விடுங்கள், அதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் யாராவது வாய் திறந்திருப்பார்கள். ஆனால் நம் ஊர்ப் படத்துக்கு இந்த விதி கிடையாது, இரண்டாவது வாரம் வரை அரங்கில் இருக்குமோ இல்லையோ தெரியாது, முதல் வாரமே போய்விடுங்கள்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

16, 18 என்று போட்டிருந்தால் வேண்டாம். மற்றதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைப் படத்தில் பயந்தால் "சும்மா படம்தான்டா" என்று சொல்லித் தேற்றலாம், இங்கே அதைச் சொல்ல முடியாது. 'விசாரணை'யைப் பெரிய பையன் கேட்டதால் அவனுக்குப் பதினெட்டு ஆனதும்தான் காட்டினேன், கூடவே உட்கார்ந்து.

பார்த்துட்டு வந்தாச்சு. எது உண்மைன்னு எங்க தேடுறது?

படத்தின் வெற்றி விழாப் பேட்டிகளில் தேடாதீர்கள். சம்பவம் நடந்தபோது வந்த பழைய செய்தி, தீர்ப்பு இருந்தால் தீர்ப்பு, சம்பந்தப்பட்டவர் படம் வருவதற்கு முன்னால் கொடுத்த பேட்டி, இவைதான் உதவும். கடைசியில் நிஜ ஆட்களின் போட்டோ போடுவார்கள் இல்லையா, விளக்குப் போட்டதும் எழுந்து ஓடாமல் அதை இருந்து பாருங்கள்.

நம்ம கதையை எப்பக்கா எடுப்பாங்க?

எடுக்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜாகாட்' ஒரு தனி மனுஷனின் உண்மைக் கதை என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தோட்டம் கைவிட்டுப் போனபின் நம் பையன்களுக்கு என்ன ஆனது என்று அதைவிட உண்மையாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் வாங்கியது.

எடுக்காமல் கிடக்கிற கதை சயாம் மரண ரயில். 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' எல்லாருக்கும் தெரிந்த படம், ஏழு ஆஸ்கர், மூல நாவலை எழுதிய பியர் பூல் மலாயா ரப்பர்த் தோட்டத்திலேயே வேலை பார்த்தவர். படம் முழுக்க பிரிட்டிஷ் கைதிகள். இரண்டாம் உலகப் போரில், 1942–43இல், ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டபோது நேச நாட்டுக் கைதிகள் 12,000க்கும் மேல் செத்தார்கள், ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு செத்தார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஏராளம். அந்தப் படத்தில் அவர்களைத் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவே இல்லை.

பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம், காலையில் லாரி வந்தது, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம், பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய போட்டோ எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. பாட்டி அவரைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான்: இடது காலைச் சாய்த்து நடப்பார், வெற்றிலை போடமாட்டார், லாரியில் ஏறும்போது திரும்பிப் பார்க்காமல் துண்டை மட்டும் ஆட்டினார். நாளைக்கு யாராவது அந்த ரயிலைப் படமாக எடுத்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்குப் போவேன். பெயரை மாற்றட்டும், பாட்டுக்கூட வைக்கட்டும். லாரியில் ஏறுகிற கூட்டத்தில் ஒருவர் துண்டை ஆட்டுகிறாரா என்று பார்ப்பேன்.